மூட்டு நோயும் மாரடைப்பும்

(காலனித் தமிழ்ச் சங்கத்தின் ஆண்டு விழாவில் மருத்துவர் ஒருவர் ஆற்றிய உரை)

 

குழந்தைகளின் நடனத்திற்கும் அடுத்து வரவிருக்கும் நாடகத்திற்கும் இடையே ஒரு மருத்துவனை மேடையேற்றிப் பேசுமாறு பணித்திருக்கிறீர்கள். விழா நாளில் நோயைப் பற்றிப் பேசுவது அழகன்று என்று சிலர் எண்ணக்கூடும். ஆயினும், நம் காலனிக் குடும்பங்கள் அனைத்தும் ஓரிடத்தில் கூடுவது ஆண்டிற்கு ஒரு முறைதான். மருத்துவரிடம் ஒருபோதும் வராதவர்களும் இன்று இங்கே வந்திருக்கிறார்கள். அவர்களுக்கே நான் முதன்மையாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

பல ஆண்டுகளுக்கு முன் இக்காலனியில் ஓர் அம்மையார் வாழ்ந்து வந்தார். பிள்ளைகள் அனைவருக்கும் அவர் பெரியம்மா, எனக்கு அக்கா. தில்லியின் மார்கழிப் பனியிலும் விடியுமுன் எழுந்து வாசலில் கோலமிடுவார். நாளடைவில் அக்கோலம் சுருங்கிக்கொண்டே வந்தது. காலையில் விரல்கள் மடங்க மறுத்தன; வெந்நீரில் நெடுநேரம் கைகளை வைத்திருந்த பிறகே பால் பாத்திரத்தைத் தூக்க முடிந்தது. முடக்குவாதம் என்று கண்டறிந்தவனும் நானே. மருந்து எழுதித் தந்தவனும் நானே. வீக்கம் வடிந்ததா, வலி குறைந்ததா என்று ஒவ்வொரு முறையும் கேட்டேன். அவருடைய இரத்த அழுத்தத்தையோ கொழுப்பின் அளவையோ ஒரு முறையேனும் அளந்தேனில்லை. ஒரு தை மாதக் காலையில், "தம்பி, இடத் தோளும் தாடையும் ஒரே பாரமாக இருக்கின்றன, குளிர் ஏறிவிட்டது போலும்" என்றார். அதுவும் வாதத்தின் வலியே என்று நானும் எண்ணினேன். வெந்நீர் ஒத்தடம் கொடுக்கச் சொல்லிவிட்டுப் பணிக்குப் புறப்பட்டேன். நான் மாலையில் திரும்பியபோது அவர் இல்லை. மாரடைப்பு. வயது 47.

மூட்டில் ஒரு நோய், நெஞ்சில் ஒரு நோய். இரண்டும் தற்செயலாக ஒருவரிடம் வந்து சேர்ந்தன என்று அன்று என்னைத் தேற்றிக்கொண்டேன். அவை ஒரே தீயின் இரு நாக்குகள் என்பதைப் பின்னரே கற்றேன். கற்றதை இன்று உங்கள் முன் வைக்கிறேன்.

அந்தத் தீக்கு மருத்துவ நூலார் இட்ட பெயர் அழற்சி. காலில் முள் தைத்தால் அவ்விடம் சிவக்கிறது, வீங்குகிறது, சுடுகிறது, வலிக்கிறது. இந்த நான்கு குறிகளையும் ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே உரோம நாட்டு ஆசிரியர் செல்சசு எழுதி வைத்தார். அங்கே உள்ளே நடப்பது என்ன என்பதை 1882ஆம் ஆண்டில் கண்டவர் உருசிய அறிஞர் மெச்னிகோவ். சிசிலித் தீவிலுள்ள மெசினா நகரில் கடல் விண்மீனின் ஒளி ஊடுருவும் இளம் உயிர்களை அவர் ஆராய்ந்துகொண்டிருந்தார். ரோஜா முள் ஒன்றை அவற்றின் உடலில் செருகி வைத்து, மறுநாட் காலையில் நோக்கினார். ஊர்ந்து செல்லும் சிற்றணுக்கள் திரண்டு வந்து முள்ளைச் சூழ்ந்து நின்றன. நம் இரத்தத்திலுள்ள வெள்ளணுக்கள் சிலவற்றின் தொழிலும் அதுவே. கிருமியைத் தேடிச் சென்று விழுங்குவன சில. எதிர்ப்பொருள்களைச் செய்து விடுவன சில. மற்ற அணுக்களை ஏவி நடத்துவன சில. இக்காவற்படை இல்லையேல் நாம் ஒரு திங்களும் உயிர் வாழ்தல் அரிது.

ஆனால் வேலியே பயிரை மேய்ந்தால் என் செய்வது? காவற்படை தன் உடலையே பகையென மயங்கித் தாக்கத் தொடங்குவதும் உண்டு. இவற்றைத் தன்னெதிர்ப்பு நோய்கள் என்கிறோம். மூட்டுகளின் உட்சவ்வைத் தாக்கினால் முடக்குவாதம். தோலைத் தாக்கிச் செதில் செதிலாய் உதிரச் செய்தால் சோரியாசிஸ். தோல், மூட்டு, சிறுநீரகம் என்று பல உறுப்புகளையும் ஒருங்கே தாக்கினால் லூப்பஸ். முடக்குவாதம் ஆண்களைவிடப் பெண்களுக்கே இரண்டு மூன்று மடங்கு மிகுதியாக வருகிறது. லூப்பஸ் நோயாளர் பதின்மரில் ஏறத்தாழ ஒன்பதின்மர் பெண்கள். எனவே இது நம் தாய்மாரையும் தமக்கையரையும் மகளிரையும் பற்றிய பேச்சு என்பதை நினைவில் வையுங்கள். முதுமையில் முழங்கால் தேய்ந்து வரும் வலி வேறு, இது வேறு. காலையில் எழுந்தவுடன் ஒரு மணி நேரமோ அதற்கு மேலோ நீடிக்கும் விறைப்பும், கைவிரல் மூட்டுகளின் வீக்கமும் முடக்குவாதத்தின் தனிக் குறிகள்.

இனி, நெஞ்சின் பக்கம் வருவோம். இதயத்தின் தசைக்கு இரத்தம் கொண்டு செல்லும் குழாய்கள் எவ்வாறு அடைபடுகின்றன? சமையலறைத் தொட்டியின் குழாயில் எண்ணெய்ப் பிசுக்கு படிந்து அடைப்பதுபோல் என்றுதான் நம்மில் பலரும் கேட்டிருக்கிறோம். கொழுப்பின் பங்கு பொய்யன்று. 1913ஆம் ஆண்டில் அனிச்கோவ் என்ற உருசிய மருத்துவர் முயல்களுக்குக் கொலஸ்டிரால் கலந்த உணவு கொடுத்து, அவற்றின் தமனிகளில் கொழுப்புத் திட்டுகள் தோன்றுவதைக் காட்டினார். ஆனால் அதற்கும் அரை நூற்றாண்டு முன்பே, செருமானியப் பேரறிஞர் விர்ச்சோ, நோயுற்ற தமனிகளை உருப்பெருக்கியில் ஆராய்ந்து, அங்கே நடப்பது ஓர் அழற்சி என்று கூறியிருந்தார். கொழுப்பா, அழற்சியா என்ற வழக்கு நெடுங்காலம் நடந்தது. இன்று கிடைத்துள்ள தீர்ப்பு, இரண்டும் என்பதே.

தமனியின் உட்புறம் மெல்லிய ஒரு படலத்தால் ஆனது. நலமாக இருக்கும்போது அது வழுவழுப்பானது; வெள்ளணுக்கள் அதில் ஒட்டுவதில்லை. எல்.டி.எல். எனப்படும் கொழுப்புத் துகள்கள் மிகுந்தால் அவை படலத்தின் அடியில் புகுந்து தங்கிச் சிதைகின்றன. உடனே படலம் பசையுடையதாகிறது; வெள்ளணுக்கள் ஒட்டிக்கொண்டு உள்ளே நுழைகின்றன. மெச்னிகோவ் கண்ட அதே தொழிலைத்தான் அவை அங்கும் செய்கின்றன, அயற்பொருளை விழுங்குகின்றன. ஆனால் கொழுப்பு, தின்று தீரும் இரையன்று. விழுங்கிய அணுக்கள் உப்பி, நுரை போலாகி, அங்கேயே மடிகின்றன. அவற்றின் குவியலே தமனியின் கொழுப்புத் திட்டு. அதன்மேல் உடல் ஒரு நார் மூடியைப் போர்த்தி வைக்கிறது. அந்த மூடி உறுதியாக இருக்கும்வரை பெரும்பாலும் கேடில்லை. திட்டினுள் கனலும் வெள்ளணுக்களோ, மூடியை அரிக்கும் நொதிகளைச் சுரக்கின்றன. அதைப் பழுதுபார்க்கும் அணுக்களின் கையையும் கட்டிவிடுகின்றன. ஒரு நாள் மூடி கிழிகிறது. கிழிந்த இடத்தில் இரத்தம் உறைகிறது. குழாய் அடைபடுகிறது. இதுவே மாரடைப்பாகிறது. குழாயைப் பாதியளவுகூட அடைக்காத சிறு திட்டும் இவ்வாறு கிழிந்து உயிரைக் கொள்ளலாம் என்பதை இங்கே குறித்துக்கொள்ளுங்கள்.

மூட்டில் நிகழ்வதையும் தமனியில் நிகழ்வதையும் இப்போது அருகருகே வைத்துப் பாருங்கள். இரண்டிடத்திலும் தொழிற்படுவன அதே வெள்ளணுக்கள். அவை சுரக்கும் தூதுப் பொருள்களும் பெரும்பாலும் அவையே. முடக்குவாதத்தில் விரல் மூட்டில் தோன்றும் இண்டர்லூகின்-6 முதலிய தூதுகள் அங்கேயே நின்றுவிடுவதில்லை. இரத்தத்தில் கலந்து உடலெங்கும் செல்கின்றன. கல்லீரலை அடைந்து சி.ஆர்.பி. என்னும் புரதத்தை மிகுவிக்கின்றன. தமனிகளின் உட்படலத்தைப் பசையாக்குகின்றன. இரத்தத்தின் உறையும் தன்மையைக் கூட்டுகின்றன. முன்னரே திட்டு இருக்குமாயின் அதனுள் கனலும் தீக்கு நெய் வார்க்கின்றன. லூப்பஸ் நோயிலோ, சிலருக்கு இரத்தத்தை உறையச் செய்யும் எதிர்ப்பொருள்களும் உண்டாகி, இடர் இன்னும் மிகுகிறது.

இதில் நம்மை ஏமாற்றும் ஒரு விந்தையும் உண்டு. முடக்குவாதம் கடுமையாக இருக்கும் காலத்தில் இரத்தத்தின் கொலஸ்டிரால் அளவு குறைந்து காணப்படுகிறது. ஆய்வுச் சீட்டைப் பார்த்து, "கொழுப்பு குறைவுதான், கவலையில்லை" என்று மகிழ்கிறோம். உண்மையில் அழற்சியே அந்த அளவைத் தாழ்த்தியிருக்கிறது, இடர் தாழவில்லை.

இவை வெறும் கருத்துகளோ என்று நீங்கள் ஐயுறலாம். 1976ஆம் ஆண்டில் கனடாவின் டொராண்டோ நகரில் உரோவிட்சு என்ற மருத்துவரும் அவர்தம் குழுவினரும், லூப்பஸ் நோயாளரின் இறப்புகளை ஆராய்ந்தனர். நோய் தொடங்கிய சில காலத்திற்குள் இறந்தவர்கள், நோயின் கடுமையாலும் தொற்றினாலும் இறந்திருந்தனர். அந்தக் கண்டத்தைத் தாண்டிப் பல்லாண்டுகள் வாழ்ந்தவர்களிடையே மாரடைப்பு தலைதூக்கி நின்றது. 1997ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பிட்சுபர்க்கு நகரில் சூசன் மான்சி என்ற அம்மையார், லூப்பஸ் உடைய பெண்களை, ஃபிராமிங்காம் என்ற ஊரில் 1948 முதல் நடந்துவரும் புகழ்பெற்ற இதய ஆய்விலுள்ள பெண்களோடு ஒப்பிட்டார். 35 முதல் 44 வயது வரையுள்ளவர்களிடையே மாரடைப்பு 50 மடங்கிற்கும் மேலாக இருந்தது! அந்த வயதுப் பெண்களுக்கு மாரடைப்பு மிக அரிது. ஆகையால் மடங்கு பெரிதாகத் தெரிகிறது. லூப்பஸ் உடையவர் அனைவருக்கும் மாரடைப்பு வரும் என்று இதற்குப் பொருளன்று. ஆயினும் இளம்பெண் என்ற காரணத்தால் மட்டும் நெஞ்சுவலியை ஒதுக்கித் தள்ளக்கூடாது என்பதற்கு வேறு சான்று வேண்டுவதில்லை.

2022ஆம் ஆண்டில் பிரித்தானியாவில் ஏறத்தாழ 2 கோடியே 20 லட்சம் மக்களின் மருத்துவக் குறிப்புகளை வைத்து ஒரு பேராய்வு வெளிவந்தது. 19 வகைத் தன்னெதிர்ப்பு நோய்களை அதில் கணக்கிட்டனர். அந்நோய் உடையவர்களுக்கு இதய, இரத்தக்குழாய் நோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஒன்றரை மடங்கிற்குச் சற்று மிகுதி என்று கண்டனர். வயது 45க்குக் கீழ்ப்பட்டவர்களிடம் அது இரண்டு மடங்கையும் தாண்டியது. ஒருவருக்கு மாரடைப்பு வரும் வாய்ப்பைக் கணிக்க அந்நாட்டு மருத்துவர்கள் பயன்படுத்தும் கணக்கில், புகைப்பழக்கம், சர்க்கரை நோய் ஆகியவற்றோடு முடக்குவாதமும் லூப்பஸும் சேர்க்கப்பட்டுள்ளன.

அழற்சியே காரணமாயின், அழற்சியைத் தணித்தால் மாரடைப்பு குறைய வேண்டுமல்லவா? இதனை 2017ஆம் ஆண்டில் வெளிவந்த ஒரு சோதனை காட்டியது. பாஸ்டன் நகரத்து மருத்துவர் ரிட்கர் தலைமையில், முன்னரே ஒரு முறை மாரடைப்பு கண்ட 10,061 பேரிடம் அது நடந்தது. இண்டர்லூகின்-1 என்ற ஒரே ஒரு தூதுப் பொருளைத் தடுக்கும் ஊசி மருந்தை மூன்று திங்களுக்கு ஒரு முறை செலுத்தினர். அம்மருந்து எல்.டி.எல். கொழுப்பைச் சிறிதும் குறைக்கவில்லை. ஆயினும், நடுத்தர அளவில் அதைப் பெற்றவர்களிடம் மாரடைப்பு, பக்கவாதம், இதயநோய் இறப்பு ஆகியவை 15 விழுக்காடு குறைந்தன. விர்ச்சோவின் சொல் ஒன்றரை நூற்றாண்டிற்குப் பின் மெய்யாயிற்று. ஆனால் காவற்படையின் கையைக் கட்டியதற்கு விலையும் கொடுக்க நேர்ந்தது. உயிரைப் பறிக்கும் தொற்றுகள் சற்று மிகுந்தன. ஆகையால் அம்மருந்து இதய நோய்க்கெனப் பொது வழக்கிற்கு வரவில்லை. வாத நோய்க்குரிய மெத்தோடிரெக்சேட் மருந்தை, வாதமில்லாத இதய நோயாளர்க்குக் கொடுத்துப் பார்த்த மற்றொரு சோதனை பயனளிக்கவில்லை. எந்தத் தீயை எந்த நீரால் அணைப்பது என்பதில் தெளிவு வேண்டும் என்பதே இதன் பாடம்.

அடுத்து வந்த மருந்தின் பெயர் உங்களுக்குப் புதிதாயினும், அதைத் தரும் செடி உங்கள் பிறந்த மண்ணுக்குரியது. நம் ஊர் வேலிகளில் படர்ந்து, கார்த்திகைத் திங்களில் தீச்சுடர் போலப் பூக்கும் செங்காந்தளை அறியாதவர் நம்மில் யார்? அது தமிழ்நாட்டின் மாநில மலர். உழவர்கள் அதைக் கண்வலிக் கிழங்கு என்று பயிரிட்டு, விதையை மருந்துக்கு விற்கிறார்கள். அதிலிருந்து எடுக்கப்படும் கோல்சிசின், கீல்வாதத்திற்கு நெடுங்காலமாக வழங்கும் மருந்து. நாளொன்றுக்கு அரை மில்லிகிராம் அளவில் அதை இதய நோயாளர்க்குக் கொடுத்தபோது, 2019, 2020ஆம் ஆண்டுகளில் வெளிவந்த இரு சோதனைகளில் இடர் குறைந்தது. 2023இல் அமெரிக்க அரசின் மருந்துத் துறை அப்பயனுக்கு இசைவும் அளித்தது. எனினும் 2024இல் முடிவு வெளியான, 7,000 பேர் கொண்ட இன்னொரு சோதனையில் பயன் காணப்படவில்லை. அறிவியல் இவ்வாறுதான் தடுமாறித் தடுமாறி நடக்கும். ஒன்றை மட்டும் வலியுறுத்திச் சொல்கிறேன்: செங்காந்தட் கிழங்கும் விதையும் கொடிய நஞ்சு. ஊரிலிருந்து கொணர்ந்து அரைத்துக் குடித்துவிடாதீர்கள்!

அவ்வாறாயின் நாம் செய்யக்கூடியது யாது?

முதலாவது, மூட்டு நோயை மூட்டு நோய் என்று மட்டும் எண்ணாதிருத்தல். முடக்குவாதமோ, லூப்பஸோ, கடுமையான சோரியாசிஸோ உடையவர் எவராயினும், இரத்த அழுத்தம், சர்க்கரை, கொலஸ்டிரால் மூன்றையும் காலந்தோறும் அளந்து பார்க்க வேண்டும். மருத்துவர் மறந்தால் நீங்கள் நினைவூட்டுங்கள். என்னைப் போல் மறப்பவர்கள் உண்டு.

இரண்டாவது, நோயை அடக்கி வைத்தல். வலி தாங்கும் அளவில் இருக்கிறதே என்று மருந்தை இடையில் நிறுத்திவிடுபவர் பலர். வலி குறைந்திருக்கும்போதும் உள்ளே தீ கனன்றுகொண்டிருக்கலாம். முறையான மருந்தால் அழற்சியை அடக்கினால் மூட்டும் பிழைக்கும், தமனியும் காக்கப்படும்.

மூன்றாவது, கடையில் தாமே வாங்கி விழுங்கும் மாத்திரைகளைப் பற்றிய எச்சரிக்கை. வலி நீக்கும் மாத்திரைகளில் பல, நெடுநாள் உட்கொண்டால் மாரடைப்பின் வாய்ப்பைக் கூட்டுவன. ஸ்டீராய்டு மருந்து வேண்டிய வேளையில் உயிர் காப்பது. ஆனால் அளவு மிகுந்து ஆண்டுக்கணக்கில் தொடர்ந்தால் இரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் ஏற்றிவிடும். மருத்துவரைக் கேளாமல் தொடங்கவும் கூடாது. திடீரென நிறுத்தவும் கூடாது.

நான்காவது, புகை. புகைபிடித்தல் தமனியைக் கெடுப்பதோடு, முடக்குவாதம் தோன்றுவதற்கே ஒரு காரணமாகிறது. வீட்டில் ஒருவர் நோயுற்றிருக்க, அவர் முன்னே அமர்ந்து புகைவிடும் ஆடவர்கள் இதைக் கேட்டு வைக்கட்டும்.

இறுதியாக, குறிகளை அறிதல். நடு நெஞ்சில் இறுக்கம் ஒன்றே மாரடைப்பின் குறியன்று. தாடை, தோள், முதுகு இவற்றில் பாரம், மூச்சுத் திணறல், காரணமில்லாத வியர்வை, குமட்டல், என்றுமில்லாத சோர்வு ஆகியவையும் குறிகளே. பெண்களிடம் இவை மிகுதியாகக் காணப்படும். வாத நோய் உடையவர், "இது என் பழைய வலியன்று, வேறு மாதிரி இருக்கிறது" என்று சொன்னால், அச்சொல்லை நம்புங்கள். ஒத்தடம் வேண்டா, உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள்.

அன்பர்களே! பிறந்த ஊரை விட்டு இத்தனை தொலைவு வந்து வாழும் நமக்கு, அண்டை வீட்டாரே உற்றார். நம் வீட்டுப் பெண்மணிகள் தங்கள் வலியைச் சொல்லும் பழக்கம் இல்லாதவர்கள். அடுப்படியில் ஒரு கையால் மற்றொரு கையைப் பிடித்துவிட்டுக்கொண்டே வேலையைத் தொடர்வார்கள். கேட்டால், "ஒன்றுமில்லை" என்பார்கள். அந்த "ஒன்றுமில்லை" என்னும் சொல்லை நானும் ஒரு காலத்தில் ஏற்றுக்கொண்டவன்.

இன்று மாலை இம்மண்டபத்தின் வாயிலில் நம் பெண்கள் இட்ட பெருங்கோலத்தைப் பார்த்துக்கொண்டே உள்ளே வந்தேன். அதன் புள்ளி வரிசையில் ஓரிடத்தில் நின்றுவிட்டேன். ஏனென்று இப்போது உங்களுக்குத் தெரியும். வீட்டிற்குத் திரும்பியதும் உங்கள் தாயின் கைகளை ஒரு முறை பற்றிப் பாருங்கள். விரல்கள் வீங்கியிருக்கின்றனவா, காலையில் மடங்குகின்றனவா என்று கேளுங்கள். ஆமெனில், மருத்துவரிடம் அழைத்துச் சென்று மூட்டைக் காட்டுங்கள். அதே நாளில் இதயத்தையும் பார்க்கச் சொல்லுங்கள்.